செய்மதி ஏன் விழவில்லை, மழை ஏன் சொன்னபடி வரவில்லை

முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிற ஒரு தம்பி மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். அவருடைய சொல்லிலேயே தருகிறேன்: "இந்தியா வானிலைச் செய்மதி அனுப்புறதை ரிவியில காட்டினவை. அந்த ரொக்கெட் எங்கட தலைக்கு மேலாலயோ போகுது? மேல போன சாமான் விழாமல் ஒரே இடத்தில எப்பிடி நிக்குது? அப்பிடி நிண்டு பாத்துக்கொண்டிருந்தும் எங்கட வயலுக்கு எப்ப மழை எண்டு ஏன் சரியாச் சொல்லுறாங்கள் இல்லை?"

கிளிநொச்சியில் நீண்ட காலம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். ஆகவே இரண்டாவது கேள்வியில்தான் தொடங்குவேன். அது விளங்கினால் மற்ற இரண்டுக்கும் பாதி வழி வந்துவிடலாம்.

தம்பி, ரொக்கெட் மேலே போகிறது என்று எல்லாரும் நினைக்கிறோம். ரிவியில் காட்டுவது அந்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்தைத்தான். காற்று தடித்துக் கிடக்கிற பகுதியை விட்டுச் சீக்கிரம் கழன்றுவிட வேண்டும் என்பதற்காக அப்போது செங்குத்தாக எழும்புகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, கடைசியில் கிட்டத்தட்டப் படுத்தபடியே ஓடும். உயரம் ஏறுவது சின்ன வேலை. பக்கவாட்டில் வேகம் எடுப்பதுதான் பெரிய வேலை. எரிபொருளில் பெரும்பங்கைக் குடிப்பதும் அதுதான்.

கிளி கலைக்கக் கவண் சுழற்றியிருப்பீர்கள். கல் கவணை விட்ட நொடியிலிருந்தே விழத் தொடங்குகிறது. கிடையாக எறிந்த கல், முதல் ஒரு நொடியில் ஏறத்தாழ 4.9 மீற்றர் இறங்கும். மெல்ல எறிந்தாலும் வேகமாக எறிந்தாலும் அந்த 4.9 மாறாது, எவ்வளவு தள்ளிப் போய் விழுகிறது என்பதுதான் மாறும். பூமி தட்டையாக இருந்தால் கதை இதோடு முடிந்தது. ஆனால் பூமி உருண்டை. 7.9 கிலோமீற்றர் தள்ளிப் போனால் நிலமும் 4.9 மீற்றர் வளைந்து கீழே போயிருக்கும். சரி, காற்றை மறந்துவிட்டு, நொடிக்கு 7.9 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கல்லைக் கிடையாக எறிந்தால் என்ன ஆகும்? கல் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு நிலமும் விலகிக் கொடுக்கும். கல் விழுந்துகொண்டே இருக்கும், நிலத்தை மட்டும் தொடாது. செய்மதி விழவில்லை என்று யார் சொன்னது? அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த வேகம் என்ன வேகம் என்று பிள்ளைகள் கேட்டால் ஏ9 வீதியைக் காட்டுவேன். வவுனியாவில் புறப்பட்டால் பத்து நொடியில் கிளிநொச்சி.

"ஒரே இடத்தில் நிற்கிறது" என்பது அடுத்த சங்கதி. உயரம் கூடக் கூடச் செய்மதிக்குத் தேவையான வேகம் குறையும், சுற்றி வரவேண்டிய வட்டமும் பெரிதாகும். சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் பறப்பது ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். 35,786 கிலோமீற்றர் உயரத்துக்குப் போனால் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம். பூமி தன்னைத் தானே சுற்றவும் அதே நேரம்தான். உழவு இயந்திரம் வருவதற்கு முன் களத்தில் எருதுகளைப் பிணைத்துச் சூடு மிதித்தது உங்கள் அப்புவுக்கு நினைவிருக்கும். நடுக்கட்டைப் பக்கம் நிற்கிற எருது சின்ன வட்டத்தில் ஆடி அசைந்து நடக்கும். வெளிப்பக்க எருது பெரிய வட்டத்தில் எட்டி நடந்தாக வேண்டும். ஆனால் இரண்டும் தோளோடு தோளாகத்தான் வரும். மத்திய கோட்டில் நிலம் நொடிக்கு 465 மீற்றர் வேகத்தில் கிழக்கே போகிறது. அதற்கு நேர்மேலே செய்மதி நொடிக்கு 3 கிலோமீற்றருக்குச் சற்று மேலான வேகத்தில் போகிறது. உள் எருதின் முதுகில் குந்தியிருக்கிற நமக்கு வெளி எருது நகராமல் நிற்பது போலத் தெரிகிறது. கூரையில் பூட்டிய டிஷ் அன்ரெனாவை ஒருமுறை திருப்பிப் பூட்டினால் பிறகு தொடத் தேவையில்லாமல் இருப்பதும் இதனால்தான்.

இந்த வித்தை மத்திய கோட்டுக்கு மேலே மட்டுமே பலிக்கும். வேறு எங்கே சுற்றினாலும் செய்மதி வடக்குத் தெற்காக ஆடும். ஆகவே "வன்னிக்கு நேர் மேலே" ஒரு செய்மதியை நிறுத்த முடியாது. இந்தியாவின் வானிலைச் செய்மதி இன்சாற்-3டிஎஸ் நிற்பது கிழக்கு 82 பாகையில். அதாவது மட்டக்களப்பிலிருந்து ஏறக்குறைய நேர் தெற்கே போய், மத்திய கோட்டில், நடுக்கடலுக்கு மேலே. உங்கள் வயல் வரம்பில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சியிலிருந்து தெற்குப் பக்கம், நீட்டிய கையின் ஒரு முட்டி அளவு கீழே இறங்கினால் அந்தத் திசைதான். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கேதான் இருக்கிறது. யப்பானின் ஹிமவாரி 140.7 பாகையில் நிற்பதால் நம்மைச் சாய்வாகப் பார்க்கிறது. ஐரோப்பாவின் மெற்றியோசற் மேற்கே நின்று மற்றப் பக்கத்தால் பார்க்கிறது. இந்த மூன்றில் நம்மை நேரே குனிந்து பார்ப்பது இன்சாற்தான்.

இனி அதை எப்படி அங்கே கொண்டுபோனார்கள் என்பது. 2024 பெப்ரவரி 17, மாலை 5.35 மணி. ஆந்திராவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி எஃப்14 என்ற ரொக்கெட் புறப்பட்டது. 51.7 மீற்றர் உயரம், 420 தொன் நிறை. அந்த 420 தொன்னும் எதற்காக? 2,274 கிலோ எடையுள்ள ஒரு செய்மதிக்காக. ஒரு மூடை நெல்லை ஏற்ற இருநூறு வண்டில் பூட்டுவது மாதிரித்தான், ஆனால் வேறு வழி கிடையாது. எரிபொருளைத் தூக்க எரிபொருள், அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள் என்று கணக்கு ஊதிப்போகும்.

இந்த ரொக்கெட்டைப் பற்ற வைக்கிற ஒழுங்கில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. எனக்குப் பிடித்த இடம் என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். நடுவில் திண்ம எரிபொருள் நிரப்பிய பெரிய குழாய். அதைச் சுற்றித் திரவ எரிபொருளில் ஓடுகிற நான்கு துணை எந்திரங்கள். திண்ம எரிபொருள் கோயில் திருவிழா வாணம் போல. பற்றினால் பற்றினதுதான், தண்ணீர் ஊற்றியும் நிறுத்த முடியாது. திரவ எந்திரத்தை அப்படியல்ல, குழாயைப் பூட்டினால் நிறுத்திவிடலாம். ஆகவே நான்கு திரவ எந்திரங்களையும் 4.8 நொடி முன்னதாகவே இயக்கிப் பார்க்கிறார்கள். கணினி நான்கையும் சரிபார்த்து, எல்லாம் ஒழுங்கு என்றால் மட்டும் நடுக்குழாய்க்குத் தீ. 2001 மார்ச் 28ஆம் திகதி, இதே வகை ரொக்கெட்டின் முதல் பயணத்தில், நான்கில் ஒன்று போதிய விசை தரவில்லை. கணினி அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டது. மூன்று கிழமை கழித்து, ஏப்ரல் 18ஆம் திகதி அதே ரொக்கெட் பறந்தது. ஐந்து நொடிப் பொறுமை ஒரு ரொக்கெட்டைக் காப்பாற்றியது.

எப்போதும் அப்படி நடக்கவில்லை. விஞ்ஞானிகள் இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருந்த செல்லப் பெயரை நம் பேச்சில் சொன்னால் "குழப்படிப் பெடியன்". பெரும்பாலும் தகராறு பண்ணுவது மூன்றாம் கட்டம். அதில் கழி 253 பாகை செல்சியசில் திரவ ஐதரசன், கழி 183 பாகையில் திரவ ஒட்சிசன். 2021 ஓகஸ்ட் 12ஆம் திகதி, இயோஎஸ்-03 என்ற செய்மதியோடு போனபோது ஐதரசன் தாங்கியின் ஒரு வால்வு கசிந்து அழுத்தம் குறைந்துவிட்டது. நீர் இறைக்கிற மோட்டரில் காற்றுப் பிடித்தால் என்ன நடக்குமென்று உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. கிட்டத்தட்ட அதேதான். எந்திரம் எரியவில்லை, செய்மதி கடலுக்குள். அதுவும் புயலையும் வெள்ளத்தையும் மேலே நின்று கண்காணிப்பதற்காகச் செய்த செய்மதி.

2024இல் குழப்படிப் பெடியன் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டான். 19 நிமிடத்துக்குள் செய்மதியைக் கழற்றி விட்டான். ஆனால் எங்கே விட்டான் தெரியுமா? 35,786 கிலோமீற்றரில் இல்லை. கிட்டிய முனை 170 கிலோமீற்றரும் எட்டிய முனை ஏறத்தாழ 36,600 கிலோமீற்றருமான ஒரு நீள்வட்டத்தில். ரிவியில் எல்லாரும் கைதட்டிக் கட்டிப்பிடிக்கிற நேரத்தில் செய்மதி பாதி வழியில்தான் நிற்கிறது. செய்திக்காரர் கமராவைச் சுருட்டிய பிறகுதான் மிச்சப் பயணம்.

அந்த மிச்சத்தைச் செய்மதி தன் சொந்தக் காலில் போக வேண்டும். அதற்கென்று அதனிடம் ஒரு சின்ன எந்திரம் இருக்கிறது. அதன் விசை 440 நியூட்டன். விளங்கும்படி சொன்னால், 45 கிலோ அரிசி மூடையைத் தாங்கிப் பிடிக்கிற பலம், அவ்வளவுதான். ஆனால் பொறுமையாக எரியும். நீள்வட்டத்தின் உச்சிக்கு வருகிற நேரம் பார்த்து எரிப்பார்கள். அங்கே செய்மதி நொடிக்கு 1.6 கிலோமீற்றர் வேகத்தில் தள்ளாடிக்கொண்டு வரும். அங்கே தள்ளினால் கீழ்முனை மேலே எழும்பும்; பல தடவை தள்ளினால் நீள்வட்டம் வட்டமாகும். இன்னொரு வேலையும் அங்கேதான். ஸ்ரீஹரிகோட்டா மத்திய கோட்டில் இல்லாததால் பாதை சாய்ந்து கிடக்கும், அதை நிமிர்த்த வேண்டும். மோட்டார் சைக்கிளை வேகத்தில் வெட்டித் திருப்புவதும் மெல்ல வந்து திருப்புவதும் ஒன்றா? வேகம் குறைந்த இடத்தில் திருப்பினால் செலவு குறைவு. இதற்கெல்லாம் எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம்: 2016இல் போன முந்தின செய்மதி இன்சாற்-3டிஆர் 2,211 கிலோ. அதில் 1,255 கிலோ எரிபொருள். பாதிக்கு மேல்! அந்த எரிபொருளில் மிச்சம் இருப்பதுதான் அதன் ஆயுள். சந்திரனும் சூரியனும் இழுக்க இழுக்கச் செய்மதி இடம் பெயரும். அதை வருடக்கணக்காகத் திருப்பித் திருப்பிப் பழைய இடத்தில் விடவேண்டும்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ரொக்கெட் நம் தலைக்கு மேலால் போவதில்லை. போகவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஜிஎஸ்எல்வி கிழக்கே வங்கக் கடலுக்கு மேலாகப் போகிறது. பூமி கிழக்கே சுற்றுவதால் ஸ்ரீஹரிகோட்டாவில் நிற்கிற ரொக்கெட்டுக்கு நொடிக்கு 450 மீற்றர் வேகம் சும்மா கிடைக்கிறது. அதை யார் விடுவார்கள்? எரிந்து முடிந்த பாகங்களும் கடலில் விழும். ஆனால் வானிலைக்கு உதவுகிற வேறு வகைச் செய்மதிகளும் உண்டு. அவை வடக்குத் தெற்காகத் துருவங்களைச் சுற்றுபவை. 2022 நவம்பர் 26இல் போன ஓஷன்சற்-3 அப்படி ஒன்று. கடலின் மேல் வீசுகிற காற்றை அளக்கும், முல்லைத்தீவுக் கடலில் வாடை எவ்வளவு வேகம் என்பது அதற்குத் தெரியும். அதை ஏவ ரொக்கெட் தெற்கே போகவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே என்ன இருக்கிறது? பருத்தித்துறை, கிளிநொச்சி, அநுராதபுரம், காலி. வரைபடத்தில் கோடு கீறிப் பாருங்கள், நாடே குறுக்கே படுத்திருக்கிறது. ஆகவே முதலில் தென்கிழக்காகக் கடலுக்கு மேலே ஓடி, இலங்கையைச் சுற்றி விலகியபின்தான் தெற்கே திரும்புகிறார்கள். நாயின் பின்னங்கால் வளைவு போல என்று அந்தத் துறையில் சொல்வார்கள். அந்த வளைவால் எரிபொருள் வீண். தூக்கக்கூடிய எடையும் குறைகிறது. பெரிய ரொக்கெட் அதைத் தாங்கும், சின்ன ரொக்கெட்டுக்குத் தாங்காது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டியதற்குப் பெரிய காரணம் இதுதான். அங்கிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை இடப்பக்கம் ஒதுங்கிவிடும், முன்னால் முழுக்கக் கடல். உலகத்து விண்வெளி வரைபடத்தில் நம் நாடு பெயர் எடுத்தது ஒரு தடங்கலாகத்தான் என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் மனத்தாங்கலோடு வந்த கேள்வி. காலபோகத்துக்கு விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கிறவனின் கேள்வி. இதில் செய்மதிக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

செய்மதி மழையைப் பார்ப்பதில்லை, தம்பி. முகிலின் முதுகைப் பார்க்கிறது. பகலில் வெளிச்சத்தில் ஒரு படம். இரவிலும் பகலிலும் முகில் உச்சியின் வெப்பத்தை அளந்து ஒரு படம். முகில் இல்லாத இடத்தில்கூட வானில் நீராவி எங்கே தேங்கி நிற்கிறது என்று இன்னொரு படம். முகிலின் தலை எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது என்று பொருள். உயரம் எழும்பிய முகில் பலமாகக் கொட்ட வாய்ப்புண்டு. ஆனால் அது ஊகம்தான். இன்சாற்றின் பகல் படத்தில் ஒரு புள்ளி 1 கிலோமீற்றர். வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 4 கிலோமீற்றர். நாலுக்கு நாலு கிலோமீற்றருக்குள் உங்கள் வயல், பக்கத்து ஊர் வயல், நடுவில் ஒரு காட்டுத் துண்டு, குளக்கட்டு எல்லாம் அடங்கிவிடும். ஐப்பசியில் பின்னேரம் இடியோடு வருகிற மழை எப்படி? வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் புழுதி பறக்கும். அந்த முகில் பிறந்து, பெய்து, கலைய ஒரு மணி நேரம் போதும். அதை முதல் நாளே இன்ன வயலுக்கு என்று சொல்ல எந்தச் செய்மதியாலும் முடியாது. யாராவது வட்ஸ்அப்பில் அப்படிச் சொன்னால் நம்பி உரம் போடாதீர்கள்.

பெரிய மழைக்குக் கதை வேறு. தாழமுக்கம், சூறாவளி எல்லாம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலம். நாள்கணக்கில் கடலில் கிடந்து வளர்ந்துதான் வரும். அங்கேதான் செய்மதிக்குக் கொடுத்த காசுக்குப் பலன். கடலுக்கு நடுவே மழைமானி வைக்க ஆள் இல்லை. மேலே இருக்கிற கண் மட்டும்தான். 1964 டிசம்பர் 22 இரவு வன்னியைக் கிழித்துக்கொண்டு போய்த் தனுஷ்கோடியை விழுங்கிய சூறாவளியை எடுங்கள். உலகத்தின் முதல் வானிலைச் செய்மதியான ரைரோஸ்-1 ஏவப்பட்டு அப்போது ஐந்து வருடம்கூட ஆகவில்லை. அந்தக் காலச் செய்மதிகள் கடந்து போகிறபோது ஒரு படம் எடுக்கும், அடுத்த தடவை வருவதற்குள் புயல் எங்கேயோ போயிருக்கும். நின்று பார்க்கிற கண் இந்தப் பக்கத்துக் கடலுக்கு இல்லை. 2020இல் புரெவிச் சூறாவளி வந்தபோது அரை மணிக்கு ஒரு படம் வந்துகொண்டிருந்தது. டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வன்னியைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குப் போனது. ஆனால் அதற்கு முன்பே முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்களை மேலே இழுத்துவிட்டார்கள், பாடசாலைகளில் ஆட்கள் வந்து இருந்துவிட்டார்கள்.

ஒரு சின்னக் கதை சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், உயர்தரப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடசாலை மைதானத்தில் ஒரு அன்ரெனா கட்டினோம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. 53 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு அலுமினியக் குழாய், விரித்த கால் மாதிரி ஒரு கம்பில் கட்டியது, மடிக்கணினியில் சொருகுகிற ஒரு சின்ன வானொலி வாங்கி. (வயரும் அன்ரெனாவுமாக மைதானத்தில் நின்றால் நம் ஊரில் யாராவது வந்து விசாரிப்பார்கள். அதிபரிடம் கடிதம் எழுதி வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன்.) அமெரிக்காவின் வானிலைச் செய்மதி நோவா-19 அன்று காலை தலைக்கு மேலால் போகிற நேரம். ஏறத்தாழ 850 கிலோமீற்றர் உயரம். முதலில் ஒரு இரைச்சல், பிறகு "டிக்டொக், டிக்டொக்" என்று மணிக்கூடு போல ஒரு சத்தம். நொடிக்கு இரண்டு வரியாகப் படம் திரையில் இறங்கத் தொடங்கியது. இமயமலைப் பனி, தக்காணம், அப்புறம் பாக்கு நீரிணை. வங்கக் கடலில் பஞ்சு பிய்த்துப் போட்டது போல முகில் கூட்டம். பின்னால் நின்ற ஒரு பிள்ளை, "சேர், எங்கட நாடு பெருவிரல் நகம் அளவுதான்" என்றாள். பத்து நிமிடத்தில் சத்தம் தேய்ந்து மறைந்தது. செய்மதி தெற்கே கடலுக்குப் போய்விட்டது.

அந்த நோவா-19க்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 2003 செப்ரெம்பரில், செய்து முடிக்கிற கட்டத்தில், தொழிற்சாலையில் அதைச் சரித்து வைக்கப் பார்த்தபோது தரையில் விழுந்துவிட்டது. அதைத் தாங்கிப் பிடிக்கிற சட்டத்தோடு பூட்டியிருக்க வேண்டிய 24 ஆணிகளை வேறு வேலைக்கென்று முன்பே கழற்றியிருந்தார்கள். ஆணி இருக்கிறதா என்று யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, கடுதாசியில் மட்டும் சரி போட்டார்கள். திருத்தி, ஐந்து வருடத்துக்கு மேல் கழித்து, 2009 பெப்ரவரியில் ஏவினார்கள். விழுந்து எழும்பிய அந்தச் செய்மதிதான் எங்கள் மைதானத்துக்குப் படம் அனுப்பியது. 2025 ஓகஸ்ட்டில் அதை நிறுத்திவிட்டார்கள். அன்ரெனா இப்போதும் என் வீட்டு விறாந்தையில் சாத்தி நிற்கிறது.

கடைசியாக ஒன்று. ரொக்கெட் தலைக்கு மேலால் போகாது என்றேன், ஆனால் பார்க்க முடியாது என்று சொல்லவில்லை. ஸ்ரீஹரிகோட்டா முல்லைத்தீவிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவு முதல் 20 கிலோமீற்றர் உயரத்தை மறைக்கும். அதற்கு மேல் எழும்பினால் அடிவானத்துக்கு மேலே வந்துவிடும். 100 கிலோமீற்றர் உயரம் போகிறபோதும் அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரம்தான் தெரியும், ஆகவே மரம், முகில் எதுவும் மறைக்கக் கூடாது. ஏவுகிற நாள் முன்கூட்டியே அறிவிப்பார்கள். பொழுது பட்டவுடனோ விடியுமுன்னோ ஏவுகிறார்கள் என்றால் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய், நேர் வடக்கே முகம் வைத்து நில்லுங்கள். ஏவிய ஒன்றிரண்டு நிமிடத்தில், வடக்குக்குச் சற்று இடப்பக்கம் ஒரு வெளிச்சப் பொட்டு எழும்பி வலப்பக்கம் சரிந்து போகும். சத்தம் எதுவும் கேட்காது.